விதைக் கன்றுகளை வைத்துக்கொள்ளலாமா, பிடுங்கிவிட வேண்டுமா?

பெயரையும் ஊரையும் குறிப்பிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. பணி ஓய்வுக்குப் பின், வீட்டில் சாப்பிட்ட பழங்களின் விதைகளைப் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து இரண்டு ஆண்டுகளாகத் தொட்டிகளில் ஊன்றி வருகிறார். இன்று அவரிடம் 23 கன்றுகள் இருக்கின்றன: மா ஒன்பது, பப்பாளி ஐந்து, கொய்யா நான்கு, சீத்தா நான்கு, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் எட்டு மாதமாக நிற்கும் அவகாடோ ஒன்று. மாங்கன்றுகளில் ஆறு, அல்போன்சா கொட்டைகளிலிருந்து வந்தவை. மற்ற மூன்றும், பெயர் தெரியாத ஒரு நார் மாம்பழத்தின் ஒரே கொட்டையிலிருந்து எழுந்தவை. நார் இருந்தாலும் அப்படியொரு இனிப்பை வேறெங்கும் கண்டதில்லை என்கிறார். மூன்றில் நோஞ்சானாக இருக்கும் இரண்டைக் கிள்ளிவிடச் சொல்கிறார் கணவர். பப்பாளியில் இரண்டு பூத்தும் பிஞ்சு பிடிக்கவில்லை; தண்டில் ஆணி அடித்தால் காய்க்கும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். பன்னிரண்டு பலாக்கொட்டைகளைக் கழுவி, ஒரு வாரம் நல்ல வெயிலில் காய வைத்து ஊன்றியதில் ஒன்றுகூட முளைக்கவில்லை. வெளிநாட்டிலிருக்கும் தங்கை அடுத்த மாதம் வரும்போது மங்குஸ்தான், துரியன் விதைகளைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். இதற்கிடையில், விவரம் தெரிந்தவர் என்று குடும்பத்தில் பெயரெடுத்த மைத்துனர் வந்து பார்த்துவிட்டு, "விதையில் வந்த மரம் காய்க்காது, எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு இரண்டு ஒட்டுக் கன்று வாங்கி வை" என்று சொல்லிப் போயிருக்கிறார். வீட்டின் பின்புறம் 20 அடிக்கு 30 அடி மண் தரையும், மேலே மொட்டை மாடியும் உள்ளன. "இவ்வளவு நாள் தண்ணீர் ஊற்றியவற்றைப் பிடுங்க மனம் வரவில்லை. வைத்திருப்பது அறியாமையா?" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள வாசகிக்கு,

அறியாமை ஒன்றும் இல்லை. உங்கள் மைத்துனர் சொன்னதில் பாதி உண்மை, பாதி கேள்விப்பட்டது. விதையில் வந்த மரம் காய்க்கும். எப்போது காய்க்கும், எந்த மாதிரிப் பழம் தரும் என்பதற்குத்தான் பெரும்பாலான மரங்களில் உறுதி சொல்ல முடியாது. ஒட்டு மாங்கன்று மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்ப்புக்கு வரும். விதைக் கன்று ஆறேழு ஆண்டுகளும், சில சமயம் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். விதையிலிருந்து எழுந்த மரத்துக்குக் குழந்தைப் பருவம் ஒன்று உண்டு. அது கழியாமல் எவ்வளவு உரம் போட்டாலும் பூக்காது. ஒட்டுக் கன்றில் மேலே இருப்பதோ ஏற்கெனவே காய்த்துக்கொண்டிருக்கும் மரத்தின் குச்சி. உயரத்தில் சிறியதாக இருந்தாலும் வயதில் அது முதிர்ந்தது. அதனால்தான் இடுப்பளவு உயரத்திலேயே பூத்துவிடுகிறது.

விதைக் கன்றே வீண் என்று ஒதுக்கியிருந்தால் இன்று நாம் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் ரகங்களில் பல இருந்திருக்காது. கலிஃபோர்னியாவில் தபால்காரராக இருந்த ருடால்ஃப் ஹாஸ், 1920-களில் விதையிலிருந்து வளர்த்த ஓர் அவகாடோக் கன்றின்மேல் வேறொரு ரகத்தை ஒட்டுக் கட்ட முயன்றார். ஒட்டு பிடிக்கவே இல்லை. வெட்டிவிடலாம் என்று நினைத்து, பிறகு விட்டுவைத்த அந்தக் கன்று காய்த்ததுதான் ஹாஸ் அவகாடோ. 1935-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தாய் மரம் 2002-இல் வேர் அழுகல் நோயில் இறந்தது. உலகெங்கும் நிற்கும் ஹாஸ் மரங்கள் எல்லாம் அந்த ஒரே கன்றின் கிளைகளிலிருந்து ஒட்டுக் கட்டி வந்தவையே. இந்தக் கதையைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வது என் கடமை: அதே காலத்தில் முளைத்த ஆயிரமாயிரம் கன்றுகள் பெயர் சொல்லும்படி எதையும் தரவில்லை. ஆகவே ஆறு அல்போன்சாக் கன்றுகளில் ஒரு புது ரகம் ஒளிந்திருக்கும் என்று ஏழு ஆண்டு காத்திருக்கும்படி உங்களுக்கு நான் யோசனை சொல்ல மாட்டேன்.

அல்போன்சாவின் பிள்ளை அல்போன்சா அன்று

நீங்கள் சுவைத்த மாம்பழச் சதை முழுக்கத் தாய் மரத்துக்கே உரியது. மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்தது என்பதன் சுவடு அதில் இராது. கொட்டைக்குள் இருக்கும் கரு அப்படியல்ல. அதற்குத் தாயும் உண்டு, தந்தையும் உண்டு. தந்தை காற்றோடும் பூச்சிகளோடும் வந்த யாரோ. அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும் ஒரு கொட்டைக்கு ஒரே கரு கொண்டவை. அவற்றின் விதையில் எழும் கன்று தாயை ஓரளவு ஒத்திருக்கலாம், புளித்தும் போகலாம். நீங்கள் 'அல்போன்சா' என்று அட்டை எழுதி நண்பர்களுக்குக் கொடுக்கத் திட்டமிட்டிருப்பதாக எழுதியிருப்பதைப் படித்தபோது கொஞ்சம் பதறினேன். வாங்கிச் செல்பவர் ஏழாண்டு கழித்துத்தான் ஏமாற்றத்தைச் சுவைப்பார்; அதற்குள் அந்த மரம் அவர் வீட்டு நிழலாகியிருக்கும். 'அல்போன்சா விதை, தந்தை தெரியாது' என்று எழுதிக் கொடுங்கள். அது நேர்மையானது, படிப்பவர் சிரிக்கவும் செய்வார்.

அந்த நார் மாங்கொட்டையின் கதையே வேறு. சில மா ரகங்களில், குறிப்பாகத் தென்கிழக்கு ஆசிய ரகங்கள் பலவற்றில், ஒரே கொட்டைக்குள் பல கருக்கள் உருவாகின்றன. இதைப் பல்கருநிலை என்பார்கள். அவற்றில் ஒன்று மகரந்தச் சேர்க்கையால் வந்ததாக இருக்கலாம். மற்றவை கருவைச் சூழ்ந்துள்ள தாய்த் திசுவிலிருந்தே முளைப்பவை. தந்தை இல்லாத அந்தக் கன்றுகள் தாய் மரத்தின் நேர் நகல்கள். ஆகவே உங்கள் மூன்றும் உண்மையில் தனித்தனிக் கன்றுகளாக இருந்தால், அவற்றில் குறைந்தது ஒன்றிரண்டு, நீங்கள் மறக்க முடியாத அந்த இனிப்பை அப்படியே தரக்கூடியவை. உங்கள் 23 கன்றுகளில் என் கண் முதலில் போகும் இடம் இதுதான். உங்கள் வீட்டில் கத்திரிக்கோல் தேடுவதும் இதற்காகத்தான் என்பது வேடிக்கை.

முதலில் அவை தனிக் கன்றுகளா என்று பாருங்கள். முளைக்கும்போது நுனி அடிபட்டால் ஒரே கன்று அடியில் இரண்டு மூன்று கிளை விடுவதும் உண்டு. தொட்டியை நன்றாக நனைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பக்கவாட்டில் சாய்த்து மண் கட்டியை வெளியே எடுங்கள். மெல்லிய நீரோட்டத்தில் மண்ணைக் கரைத்துக்கொண்டே போனால், கொட்டை இருந்த இடத்தில் ஒவ்வொரு தண்டும் தன் சொந்த ஆணிவேருடன் பிரிகிறதா, எல்லாம் ஒரே வேரில் கூடுகின்றனவா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிரிந்தால், விரலால் மட்டும் பிரியுங்கள், கத்தி வேண்டாம். ஒவ்வொன்றையும் ஓர் அடிக்குக் குறையாத உயரமுள்ள பையில் நட்டு, மூன்று வாரம் நிழலில் வையுங்கள். நோஞ்சானைத் தள்ளலாம் என்ற உங்கள் கணவரின் கருத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. சேர்க்கையால் வந்த கரு பல சமயம் மெலிந்து நிற்கும். ஆனால் எப்போதும் அப்படியில்லை. சில வேளை அதுதான் முந்திக்கொண்டு வளரும். எனவே உயரத்தை மட்டும் பார்க்காமல், இளந்தளிரின் நிறத்தையும் கசக்கினால் வரும் வாசனையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றில் இரண்டு ஒன்றுபோல இருந்து ஒன்று மட்டும் மாறுபட்டால், மாறுபட்டதே வேற்றாள் என்று கொள்ளலாம்.

பப்பாளியில் ஆணி அடிக்க வேண்டாம்

பூத்த இரண்டிலும் பூக்கள் நீண்ட காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவை ஆண் மரங்கள். பெண் பூ, இலைக் கக்கத்தில் தண்டை ஒட்டி ஒன்றோ இரண்டோவாக, அடி பருத்து இருக்கும். ஆண் மரம் தட்பவெப்பம் மாறும் பருவங்களில் தானாகவே ஒன்றிரண்டு காய் காய்ப்பதுண்டு. அதற்கு முந்தைய மாதம் யாராவது ஆணி அடித்திருந்தால், பெயர் ஆணிக்குப் போய்விடுகிறது. அடித்த துளை வழியே அழுகல் நுழைவதுதான் மிச்சம்.

நீங்கள் விதை எடுத்த பழம் உருண்டையாக இருந்ததா, நீளமாக இருந்ததா என்று நினைவிருக்கிறதா? உருண்டைப் பழம் பெரும்பாலும் பெண் மரத்தினுடையது; நீளமானது இருபால் மரத்தினுடையது. இருபால் மரம் தன் மகரந்தத்தாலேயே சூல் கொண்டால் அதன் பிள்ளைகளில் இருபாலும் பெண்ணும் வருமே தவிர ஆண் வராது. உங்களுக்கு ஆண் வந்திருப்பதால், மகரந்தம் ஓர் ஆண் மரத்திலிருந்து வந்தது என்பது தெளிவு. தாய் பெண் மரமாக இருந்தால் பிள்ளைகள் பாதிக்குப் பாதி. மீதி மூன்றும் ஆணாகிவிட எட்டில் ஒரு வாய்ப்புதான். அவை பூக்கும்வரை பொறுத்திருங்கள். பெண் ஒன்று வந்தாலும் ஓர் ஆண் மரத்தைக் கட்டாயம் நிறுத்திவையுங்கள், மற்றதை எடுத்துவிடலாம். விதை ஊன்றிய பத்து மாதத்திலேயே பழம் காண முடியும் என்பதால், பப்பாளியில் மட்டும் ஒட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அடுத்த முறை விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான உறையை மணலோடு சேர்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு ஊன்றுங்கள். முளைப்பைத் தடுத்து வைத்திருப்பது அந்த உறைதான்.

பலாக்கொட்டையைக் கொன்றது வெயில்

தானிய விதையைக் காய வைப்பதுபோல எல்லா விதைகளையும் காய வைக்கலாம் என்று நினைத்துவிட்டீர்கள், பலரும் செய்வதுதான். வெப்பமண்டலப் பழ மரங்களில் பெரும்பகுதி அதற்கு நேரெதிர். பலா, மா, நாவல், அவகாடோ, ரம்புட்டான், துரியன், மங்குஸ்தான், லிச்சி ஆகியவற்றின் விதைகள் ஈரம் குறைந்தால் உறங்குவதில்லை, இறந்துவிடுகின்றன. எப்போதும் வெம்மையும் ஈரமும் உள்ள காட்டில், விழுந்த உடனே முளைப்பதற்காக அமைந்தவை அவை, காத்திருக்கப் பழகாதவை. லிச்சி விதை வெளியே எடுத்த நான்கைந்து நாளிலேயே வீணாகிவிடும். மாங்கொட்டைக்கு மூன்று, நான்கு வாரம். பலாக்கொட்டையைக் கழுவிய அன்றோ மறுநாளோ நேரடியாக நீளமான பையில் ஊன்றிவிடுங்கள். அதன் ஆணிவேர் வேகமாக இறங்கும். இடம் மாற்றுவதை விரும்பாது. கொய்யா, சீத்தா, பப்பாளி விதைகளை மட்டும் நிழலில் உலர்த்திச் சில மாதம் வைத்திருக்கலாம்.

பேரப்பிள்ளைகள் விதை சேகரிப்பதால் ஒரு எச்சரிக்கை. சீத்தா விதைக்குள் இருக்கும் பருப்பு நஞ்சு. முழு விதையைக் கையில் எடுப்பதில் தவறில்லை. உடைத்த தூளோ சாறோ கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். முளைப்பை விரைவுபடுத்தத் தேய்க்கவோ உடைக்கவோ பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

அவகாடோவின் இலை நுனி கருகுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது நோயல்ல. உப்பைத் தாங்காத மரம் அது. நீங்கள் ஊற்றும் தண்ணீரில் உள்ள உப்பு, குவளையில் ஆவியாகி ஆவியாகிச் செறிந்துகொண்டே போகிறது. உடனே வடிகால் நன்றாக உள்ள மண் கலவைக்கு மாற்றுங்கள். ஆனால் தண்ணீர் தேங்கவே கூடாது. ஹாஸின் தாய் மரத்தைக் கொன்ற வேர் அழுகல், நீர் தேங்கும் இடத்தில்தான் வேகமாகப் பரவும்.

தங்கையின் பையில் வரும் விதைகள்

இதில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது: கொண்டுவர வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லிவிடுங்கள். 1951-இல் ஏற்பட்ட சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் வழியே, பெரும்பாலான நாடுகள் நடவுக்கான விதை உள்ளே வர, ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழைக் கேட்கின்றன. பல நாடுகள் முன்கூட்டியே இறக்குமதி அனுமதியும் கேட்கும். அறிவிக்காமல் பையில் வைத்து வந்தால் பறிமுதல் உண்டு, அபராதமும் உண்டு. 'நாலு விதையில் என்ன வந்துவிடும்' என்று தோன்றும். மாங்கொட்டை வண்டு என்றொரு பூச்சி, காய் பிஞ்சாக இருக்கும்போதே உள்ளே புகுந்து கொட்டைக்குள்ளேயே வளர்கிறது. வெளியே பழத்தில் ஒரு கீறல்கூடத் தெரியாது. அது நாடு விட்டு நாடு போனது இப்படிப் பைகளில் பயணம் செய்த பழங்களாலும் கொட்டைகளாலும்தான்.

சட்டம் ஒருபுறமிருக்க, உலர்த்திப் பொட்டலம் கட்டிய துரியன் விதை வந்து சேரும்போது அநேகமாக உயிரோடு இராது. மங்குஸ்தான் ஆசை நியாயமானது. அதன் விதையும் தாய்த் திசுவிலிருந்தே உருவாவதால் கன்று தாயைப்போலவே இருக்கும். ஆனால் அது காய்க்க எட்டு முதல் பத்து ஆண்டு, பலசமயம் அதற்கு மேலும் ஆகும். இளமையில் நிழலும் ஆண்டு முழுதும் ஈரக் காற்றும் கேட்கும். உங்கள் நாட்டிலேயே விளைந்த பழம் கிடைத்தால் அதன் விதையை, பழத்தை உரித்த அன்றே ஊன்றுங்கள். ரம்புட்டானை விதையில் வளர்க்க நினைத்தால், கன்றுகளில் ஏறக்குறையப் பாதி காய்க்காத ஆண் மரங்களாகிவிடும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

உங்கள் இடத்துக்கு எத்தனை மரம்

விதை மாமரத்துக்கு வழக்கமான இடைவெளி 10 மீட்டர், அதாவது 33 அடி. உங்கள் பின்புறம் முழுவதும் ஒரு மரத்துக்கே போதாது. ஆண்டுதோறும் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டி, அடக்கி வைத்தால் ஒரு மா மட்டும் அங்கே நிற்கலாம். பலாவையும் அவகாடோவையும் அதே மண்ணில் நெருக்கினால், பத்தாண்டு கழித்து எதை வெட்டுவது என்று நீங்கள் மறுபடியும் எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். மாடியில் கொய்யா ஒன்று, சீத்தா ஒன்று பெரிய தொட்டியில் நன்றாகவே காய்க்கும். இரண்டும் விதையிலிருந்தே மூன்று, நான்கு ஆண்டில் பலன் தருபவை. சீத்தா தாயை ஓரளவு ஒத்தும் இருக்கும். கொய்யாவில் மாறுதல் அதிகம். 60 லிட்டர் தொட்டி ஈர மண்ணோடு ஏறக்குறைய 90 கிலோ எடை இருக்கும் என்பதால், அவற்றைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவர் அல்லது உத்தரம் தாங்கும் இடத்தில் வையுங்கள். பழைய கட்டடமானால் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் வைத்திருக்கவும் முடியாது. நார் மாங்கன்றுகளில் தாயை ஒத்த ஒன்றைத் தரையில் நடுங்கள். இன்னொன்றைக் காப்பாகப் பையில் வைத்திருங்கள். பப்பாளிகளும் தரையில், மாவிலிருந்து சற்றுத் தள்ளி. மா பெரிதாகும்போது அவற்றின் காலம் முடிந்திருக்கும். அவகாடோ தொட்டியில் அழகுச் செடியாக இருக்கட்டும். அல்போன்சாக் கன்றுகளில் நேராக வளர்ந்த இரண்டை வைத்துக்கொண்டு மற்ற நான்கைக் கொடுத்துவிடலாம்.

அந்த இரண்டையும் வேர்ச்செடிகளாக, அதாவது மேலே ஒட்டுக் கட்டுவதற்கான அடிச்செடிகளாகப் பயன்படுத்துங்கள் என்பதே என் யோசனை. விதைக் கன்றில் உங்களுக்குச் சந்தேகம் மேல்பகுதியில் மட்டுமே. வேர் நீங்கள் வளர்த்த, உங்கள் மண்ணுக்கும் தண்ணீருக்கும் பழகிய நல்ல வேர். தண்டு பென்சில் கனம் வந்ததும், நம்பகமான அல்போன்சா மரத்திலிருந்து அதே கனமுள்ள, மூன்று, நான்கு மாத வயதுக் குச்சியைத் தேர்ந்தெடுங்கள். வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பு அதன் இலைகளைக் காம்பு மட்டும் விட்டுக் கத்தரித்துவிட்டால், காம்புகள் தானே உதிர்ந்து மொட்டுகள் பருக்கும். அந்த நிலையில் குச்சியை வெட்டி, அடியை இருபுறமும் சீவி ஆப்பு வடிவமாக்கி, கன்றின் தலையைக் கத்தரித்துப் பிளந்த பிளவில் செருகுங்கள். ஒரு பக்கத்திலாவது இரண்டின் பட்டையும் சரியாகப் பொருந்த வேண்டும். பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டி, மேலே ஒரு சிறு பையைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் துளிர்த்தால் பிடித்துவிட்டது என்று பொருள். கட்டுக்குக் கீழே வரும் துளிர்களை அவ்வப்போது கிள்ளிவிடுங்கள். குச்சி கறுத்துக் காய்ந்துபோனால், கீழிருந்து வரும் துளிர்களில் ஒன்றை மட்டும் விட்டு வளருங்கள். அது மறுபடி பென்சில் கனம் ஆனதும் இன்னொரு முறை கட்டலாம்.